கல்லடியா, தன்னாமுனையா?

தம்பி, மட்டக்களப்பில் வீடு வாங்க, கல்லடியில் 10 பேர்ச் காணியோடா, அதே காசுக்குத் தன்னாமுனையில் 20 பேர்ச் காணியோடா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது வெயில் காலத்து வீடு. மார்கழி மழை விடாமல் பெய்யும்போது அந்த வீட்டு ஒழுங்கையில் ஒருதரம் போய் நில்லுங்கள். மதிலில் முழங்கால் உயரத்தில் மண்ணிறக் கோடு தெரிந்தால் அது வெள்ளம் போட்டது. புதுப் பெயின்ட் என்றால் பக்கத்து மதிலைப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைத்துப் பாருங்கள், உவராக இருக்கலாம். கல்லடியில் கடற்கரைப் பக்கம் என்றால், 2004 சுனாமி எதுவரை வந்தது என்று அயலில் கேட்டே ஆகவேண்டும். புதுப் பாலம் வந்தபின் டவுனுக்குப் போய்வர அது சுகம்தான், சரி. எனக்கென்றால் தன்னாமுனை, அதுவும் உறுதிக் காணியாக, அதாவது பத்திரம் உள்ள சொந்தக் காணியாக இருந்தால் மட்டும். அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலகத்தில் கேட்காமல் கைமாற்ற ஏலாது. அப்படி ஒரு காணிக்கு அட்வான்ஸ் கொடுத்த என் மச்சான் இன்னும் அலைகிறான்.