இதயத்தில் ஓட்டையுள்ள கைக்குழந்தையை ஆபரேஷன் வரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மூன்று மாதக் குழந்தைக்கு எக்கோவில் (இதய ஸ்கேன்) பெரிய வி.எஸ்.டி., அதாவது இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் பெரிய ஓட்டை என்று வந்திருக்கிறது, "கொஞ்சம் எடை ஏறட்டும்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார், அதுவரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் இதய வார்டில் 11 வருடமாக நர்ஸ். என்னைக் கேட்டால் முதல் வேலை, பால் குடிக்கும்போது குழந்தையைப் பார்ப்பதுதான்.

ஒரு அம்மா, "நல்லா குடிக்கிறான் சிஸ்டர், ஒரு மணி நேரம் ஆனாலும் விடமாட்டேங்கிறான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்தாறு தடவை உறிஞ்சுவான், காம்பை விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், கண் சொருகும், மறுபடி பிடிப்பான். மேலே ஃபேன் ஓடுகிறது, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தலை வைத்திருந்த இடத்தில் அம்மாவின் கை நனைந்திருந்தது. சட்டையை விலக்கிக் காட்டினேன். மூச்சுக்கு மூச்சு விலா இடுக்கு குழிந்தது. ஓட்டை வழியாக ரத்தம் நுரையீரலுக்கு அளவுக்கு மீறிப் போவதால் வருகிற இளைப்பு அது. குடித்த பாலில் பெரும்பங்கு அந்த உழைப்புக்கே போய்விடும், எடை எங்கே ஏறும்?

அதனால் 20 நிமிடம், மிஞ்சினால் 30. அதற்குமேல் உறிஞ்ச விடாதீர்கள். மீதியைப் பீய்ச்சி எடுத்து, தலையை உயர்த்திப் பிடித்துப் பாலாடையில் கொடுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. அப்படியும் எடை ஏறாவிட்டால் மூக்குக்குழாய் போடச் சொல்வார்கள். குழாயைப் பார்த்து அழாத அம்மாவை நான் கண்டதில்லை. ஆனால் பிள்ளைக்கு அது ஓய்வு.

வாரம் ஒருமுறை ஒரே மெஷினில், துணியில்லாமல் எடை பாருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று ஏறி, கண் இமையும் உப்பியிருந்தால் அது வளர்ச்சியில்லை, நீர் கோத்திருக்கிறது. தூங்கும்போது முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிடக் கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மருந்தை வாந்தியெடுத்தால் டாக்டரைக் கேட்காமல் மறுபடி கொடுக்கக் கூடாது, இதயத்துடிப்புக்கு வலு தரும் டிகாக்சின் மருந்து என்றால் ரொம்பவே கவனம். "இதயக் குழந்தைக்கு எதுக்கு ஊசி" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். தடுப்பூசி அதற்குத்தான் மற்ற பிள்ளைகளைவிட அவசியம். இருமுகிற உறவுக்காரர்கள் தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்களில் டி.ஓ.எஃப். (ஓட்டையோடு, நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையும் குறுகியிருக்கிற பிறவிக் கோளாறு) குழந்தையின் பெற்றோர் இருந்தால் ஒன்று. காலையில் எழுந்து வீறிட்டு அழும்போது உதடு கருநீலமாகி இழுத்து இழுத்து மூச்சு விட்டால், பதறாமல் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். கால் ரத்தக்குழாய்கள் அழுந்துவதால் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும். அப்படியே பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையும் சும்மா விடக் கூடாது, நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்பட்டு உறையும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளின் பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தர மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்திலும் முதலமைச்சர் காப்பீட்டிலும் இதற்கு வழி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

இன்றைக்குக் குழந்தை பால் குடிக்கும்போது, சட்டையில்லாமல், ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். அடுத்த ஓ.பி.யில் நீங்கள் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே டாக்டரிடம் அதைக் காட்டுங்கள்.