‘பாப்’ பார்க்கிற பையன் தங்கைக்கு ஒரு கட்டைகூடத் தரமாட்டேன் என்கிறானே?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. கட்டட வேலை செய்யும் பாபும் பேசும் வண்டிகளும் வருகிற ‘பாப் தி பில்டர்’ கார்ட்டூன் என்றால் உயிர். காலையில் எழுந்தால் அது, ராத்திரி தூங்கப் போகும் முன்னும் அது. அதிலும் ஏழெட்டு எபிசோடுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறான், வசனமெல்லாம் மனப்பாடம். கூடி வேலை செய்வதைச் சொல்லித்தரும் தொடர் என்பதால் நானும் விட்டுவிட்டேன். ஆனால் இரண்டு வயதுத் தங்கை அவனுடைய கட்டை ஒன்றைத் தொட்டால்கூடப் பிடுங்கிக்கொண்டு கத்துகிறான். டிவியை அணைத்தால் அரை மணி நேரம் அழுகை. இந்தத் தொடரால் பயன் உண்டா, இல்லை நிறுத்திவிடலாமா? அதன் பொம்மை செட் வேண்டும் என்றும் நச்சரிக்கிறான். வாங்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நேரத்தைக் குறையுங்கள், பார்க்கிற நேரத்தில் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அதைவிட முக்கியமான வேலை டிவியை அணைத்த பிறகு இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் தங்கையின் கட்டை. கூடி வேலை செய்வதைப் பற்றிய தொடரை நாள் முழுக்கப் பார்க்கிற பிள்ளை ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று நீங்கள் தவித்துப்போயிருப்பது புரிகிறது. பையனிடமும் குறை இல்லை, தொடரிடமும் குறை இல்லை. இந்த வயதில் ஒரு கதை சொல்லும் நீதியைக் கதைக்குள்ளிருந்து எடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுவருவது பிள்ளைகளுக்கு மிகக் கடினம். மாரெஸ், அகோஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. மூன்று கால் நாய் ஒன்று வரும் கார்ட்டூனைக் கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். நம்மிலிருந்து வேறுபட்டவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது கதை. பார்த்த பிள்ளைகளில் பலர் எடுத்துக்கொண்ட பாடம், மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதுதான்.

உங்கள் மகனும் அப்படித்தான். ஜேசிபியும் கிரேனும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவன் ஜேசிபி இல்லையே, தங்கை கிரேன் இல்லையே. அந்தப் பாலத்தை நீங்கள்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு நீளமான அறிவுரை தேவையில்லை. பார்க்கும்போதே ஒரு வாக்கியம் போதும்: “அந்தக் குழாய் கனமா இருக்குல்ல, அதான் கிரேன் லாஃப்டியைக் கூப்பிடறாங்க. நீ நேத்து அந்தப் பெட்டியைத் தூக்க என்னைக் கூப்பிட்டியே, அது மாதிரி.” அவ்வளவுதான். மறுபடி கதைக்குள் போய்விடட்டும்.

இந்தத் தொடர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கு இது இன்னும் எளிதாகும். கீத் சாப்மன் உருவாக்கிய தொடர் இது. பிரிட்டனில் பிபிசி 1999-இல் ஒளிபரப்பத் தொடங்கியது. பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்துச் சேர்க்கும் ஸ்டாப் மோஷன் முறையில் எடுத்தார்கள். 2015-இல் கணினி வரைகலையில் புதிதாகச் செய்தார்கள். அந்த வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். மஞ்சள் ஸ்கூப் தோண்டும், ஆனால் கலவை போடாது. டிஸ்ஸி கலவை போடும், ஆனால் தூக்காது. கிரேனான லாஃப்டி தூக்கும், ஆனால் சாலையைச் சமன்படுத்த ரோலிதான் வர வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. அதனால் ஒருவர் இல்லாமல் இன்னொருவர் நகர முடியாது. “பகிர்ந்துகொள்” என்று அங்கே யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. வேலையே அவர்களைச் சேர்த்துவைக்கிறது.

நாம் வீட்டில் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஒரே மாதிரிக் கட்டைகள் ஐம்பதை நடுவில் கொட்டி, “ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுங்க” என்கிறோம். அந்தக் கட்டைகளை வைத்து அவன் தனியாகவே எதையும் கட்டிவிடலாம். தங்கை எதற்கு? அவனைப் பொறுத்தவரை அவள் இடிக்க வருகிற ஆள் மட்டும்தான். அவன் கத்துவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே தனியாகச் செய்ய முடியாத வேலையைக் கொடுங்கள். நான் மழலையர் வகுப்புகளில் இருந்த காலத்தில் அடிக்கடி செய்த ஒன்று: அறையின் ஒரு மூலையில் நீளமான அட்டைக் குழாய், எதிர்மூலையில் ‘சைட்’. குழாயின் மேல் ஒரு பந்து. விழாமல் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை ஒரு பையனும் ஒரு சிறுமியும் தூக்கினார்கள். பையன் விறுவிறுவென்று நடந்தான், அவள் பக்கம் தாழ்ந்தது, பந்து உருண்டது. “நீதான்” என்றான். “நீதான்” என்றாள். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை பாதி வழியில் அவள் நின்று, “நில்லு... நில்லு... ம், இப்ப வா” என்றாள். அவன் திரும்பி அவள் கையைப் பார்த்தான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் நான் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கூடி வேலை செய்வது என்றால் நான்கு வயதில் அது இந்த அளவில்தான் இருக்கும்: எதிரில் இருப்பவரின் வேகத்தைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைப்பது.

தங்கைக்கு இரண்டே வயது என்பதால் அவளுக்குக் கொண்டுவருகிற வேலை பொருந்தும். அவள் ஒரு கூடையில் கட்டைகளைச் சுமந்துவரும் வண்டி, அவன் அடுக்குகிறவன். அவள் கொண்டுவந்தால்தான் அவனுக்குக் கட்டை கிடைக்கும் என்று ஏற்பாடு செய்யுங்கள். அவன் ஆசையாகக் கட்டி வைத்ததை அவள் தட்டிவிட்டால் அவன் மனம் நோகத்தான் செய்யும், அதை மதியுங்கள். அவன் கட்டுகிற இடத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி, “சைட்டுக்குள்ள கேட்டுட்டுத்தான் வரணும்” என்று விதி வையுங்கள். அந்த விதி உங்களுக்கும் பொருந்த வேண்டும். தன் இடத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கை வந்த பிள்ளைதான் கதவைத் திறப்பான்.

இப்போது நான் இந்தத் தொடரில் மிகவும் மதிக்கிற ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மகன் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய அந்த இரண்டு வரிகள்: நம்மால் சரிசெய்ய முடியுமா? முடியும்! 2000-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டனின் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்த பாட்டு அதிலிருந்து வந்ததுதான். எல்லாரும் “முடியும்” என்ற பதிலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. “நான் செய்வேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைவிட “நான் செய்வேனா?” என்று கேட்டுக்கொள்வது நன்றாக வேலை செய்கிறது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் பங்கெடுத்தவர்கள் பெரியவர்கள், எழுத்துகளை மாற்றி அடுக்கிச் சொல் கண்டுபிடிக்கும் புதிர்களைச் செய்தார்கள். கேள்வியாகக் கேட்டுக்கொண்டவர்கள் அதிகம் முடித்தார்கள். கேள்வி என்றால் மனம் பதிலைத் தேடும்: எப்படி, எதை வைத்து, யாரோடு? வெறும் “உன்னால முடியும்டா கண்ணா” அந்தத் தேடலை உண்டாக்குவதில்லை.

அதனால் கோபுரம் சரிந்தால் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தாதீர்கள். பாபின் கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவன் “முடியும்” என்று கத்துவான், அது பழக்கத்தில் வருவது. “எப்படி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கேதான் வேலை தொடங்குகிறது. சில சமயம் “முடியாது” என்பான். அதுவும் சரியான பதில்தான். அப்போது என்ன சாமான் இல்லை, யார் வேண்டும் என்று பேசலாம். லாஃப்டி எப்போதும் கொஞ்சம் தயங்கித்தானே ஒப்புக்கொள்ளும். தயங்குகிற ஒருவருக்கும் அந்தக் குழுவில் இடம் இருக்கிறது என்பது உங்கள் மகன் கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகவே உதவும். 2017-இல் வெளியானது, 4, 6 வயதுப் பிள்ளைகள் 180 பேர். சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கணினியில் பத்து நிமிடம் செய்ய வேண்டும், பக்கத்திலேயே டேப்லெட்டில் விளையாட்டு. எப்போது வேண்டுமானாலும் அதற்குத் தாவலாம். சிலரிடம் “நான் நன்றாக உழைக்கிறேனா?” என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சிலரிடம் தன் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பிடித்த பாத்திரமாக வேஷம் போட்டு, அந்தப் பாத்திரம் நன்றாக உழைக்கிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். பேட்மேனோடு பாப் தி பில்டரும் அந்தப் பட்டியலில் இருந்தார். வேஷம் போட்ட பிள்ளைகள்தான் வேலையில் அதிக நேரம் நின்றார்கள். ஆகவே, சாமான்களை எடுத்து வைக்கும் நேரத்தில் தலையில் ஒரு தொப்பியை மாட்டிவிட்டு, “பாப், சைட்டை க்ளீன் பண்ணியாச்சா?” என்று கேளுங்கள். அதட்டலைவிட இது நடக்கும்.

டிவி நேரத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, 2 முதல் 4 வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. உங்கள் பிள்ளைகள் இருவருமே இந்த வயதுக்குள் வருகிறார்கள். அவன் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் தங்கையின் கணக்கும் ஓடுகிறது. நிமிடத்தில் சொல்லாதீர்கள், நான்கு வயதுக்கு நிமிடம் புரியாது. எபிசோடாகச் சொல்லுங்கள். பாப் கதை ஒன்று ஏறக்குறைய பத்து நிமிடம்தான், அதனால் “இன்னிக்கு ரெண்டு கதை” என்பது நல்ல அளவு. தூங்கப் போகும் முன் வேண்டாம்.

அணைக்கும்போது வரும் அழுகைக்கு, “இன்னும் ரெண்டு நிமிஷம்தான்” என்று முன்கூட்டியே எச்சரிப்பது நல்லது என்று நினைப்போம். குடும்பங்களைக் கவனித்து 2016-இல் வெளியான வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வில், அந்த எச்சரிக்கை பிள்ளைகளின் எதிர்ப்பைக் கூட்டியது தெரிந்தது. கதை தானாக முடிகிற இடத்தில் நிறுத்துவதும், தினமும் ஒரே வரிசையில் நடப்பதும்தான் உதவின. அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். பாதிச் சண்டை அதனால் வருவதுதான். கதை முடிந்ததும் கை நேராக மணலுக்கோ அட்டைப் பெட்டிக்கோ போகிற மாதிரி, முன்பே எடுத்து வைத்திருங்கள். முதல் நான்கைந்து நாள் அழுவான். மாறாமல் இருங்கள்.

ஒரே எபிசோடைத் திரும்பப் பார்ப்பதில் கவலையே வேண்டாம். பிள்ளைகள் ஒரே கதையை ஐந்து நாள் தொடர்ந்து பார்த்தபோது புரிதலும் உற்சாகமாகப் பதில் சொல்வதும் கூடின என்பது வேறொரு குழந்தைத் தொடரை வைத்து 1999-இலேயே ஆராய்ந்து பார்த்த விஷயம். இரண்டு விதத் தொடரில் எது என்று கேட்டால், நான் பழைய ஸ்டாப் மோஷனைத்தான் சொல்வேன். நிதானமாக நகரும், ஒரு சுவர் எழுவதைப் பிள்ளை கண்ணால் பின்தொடர முடியும்.

ஒன்றே ஒன்றுதான் அந்தத் தொடர் தரமுடியாதது: காத்திருப்பு. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. நிஜத்தில் கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கழித்துச் சோதிப்பதுதான் வழக்கம். முதல் சில நாட்களுக்காவது தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் க்யூரிங் செய்ய வேண்டும். களிமண்ணில் நாலு செங்கல் செய்து காயவையுங்கள். “காஞ்சிடுச்சா?” என்று ஒரு நாளைக்கு இருபது தடவை தொட்டுப் பார்ப்பான், விரல் பதிந்து ஒன்றிரண்டு கோணலாகும். கோணல் செங்கலையும் சேர்த்தே சுவர் கட்டட்டும்.

பொம்மை செட் முழுவதும் வேண்டாம். பட்டனை அமுக்கினால் தானே பேசித் தானே நகரும் வண்டி பிள்ளைக்கு வேலை வைக்காது. தங்கைக்கு மூன்று வயது ஆகாததால், கழன்று வரும் சிறு பாகங்கள் உள்ள எதுவும் அவள் கைக்கு எட்டும் வீட்டில் இருக்கக் கூடாது. வாயில் போட்டு மூச்சு அடைத்துக்கொள்ளும் வயது அது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வண்டி வாங்குங்கள், ஒன்று அள்ளுவது, ஒன்று சுமப்பது. எது யாருடையது என்று பெயர் எழுதாதீர்கள். ஒரு தட்டு மணலை இந்தப் பக்கமும் ஒரு காலித் தட்டை அந்தப் பக்கமும் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள்.