மேக் மினி: வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கு ஆப்பிளின் குட்டி டெஸ்க்டாப் கம்ப்யூட்டரான மேக் மினி வாங்க நினைக்கிறேன். புது மாடல் வரும் என்கிறார்கள். அறிவித்ததும் கடையில் கிடைத்துவிடுமா? – வாசகி, மதுரை

பதில்: எம்4 சிப் உள்ள மினியை 2024 அக்டோபர் 29 அன்று அறிவித்தார்கள், நவம்பர் 8 முதல் விற்பனை; பத்தே நாள்தான். ஆனால் அந்த அறிவிப்பே எப்போது வரும் என்று சொல்ல முடியாது: 2014 மாடலுக்கு அப்புறம் அடுத்தது வர 2018 ஆகிவிட்டது! கையில் வேலை இருந்தால் இப்போதே வாங்குங்கள்.

கடையில் "ஸ்டாக் இருக்கு" என்றால், எவ்வளவு ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) என்று கேளுங்கள். பெரும்பாலும் அடிப்படை மாடல்தான் இருக்கும். ரேம் கூடுதலாக வேண்டுமென்றால் ஆர்டர் கொடுத்துப் பொறுக்க வேண்டும். அதற்காகப் பொறுக்கலாம், மினியில் ரேமைப் பின்னால் கூட்டவே முடியாது. என்னிடம் உள்ள 8 ஜிபி ரேம் கொண்ட பழைய எம்2 மினி, 4கே வீடியோவில் திணறுகிறது. எம்4 தொடங்குவதே 16 ஜிபியில். சரி, ஸ்டோரேஜ்? அதற்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். வெளியே ஓர் எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) செருகிக்கொள்ளலாம்.