வளைந்த வாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு வாளடிப்புப் போட்டி பார்த்தேன். இறுதிச் சுற்றில் இரண்டு கொல்லர்கள். இருபுறமும் வாயுள்ள சீன நேர்வாளான ஜியானை மூன்றடுக்கு முறையில் அடிக்க வேண்டும். அலகின் நீளம் 75 செ.மீ. சோதனையில் முதலில் நனைத்த பாய்ச்சுருள், பிறகு மூங்கில், கடைசியில் காய்ந்த மரக்கட்டை. கட்டையை வெட்டியதும் முதலாமவரின் வாள் இரண்டு விரற்கடை வளைந்து அப்படியே நின்றுவிட்டது. பார்க்கவே அவமானமாக இருந்தது. இரண்டாமவரின் வாள் நேராக நின்றது, வாயில் மட்டும் ஓரிடத்தில் 3 மி.மீ. ஆழத்துக்குச் சில்லு தெறித்தது. வெற்றி அவருக்கே. முதல் வாள் வளைந்ததற்கு மட்டமான எஃகுதான் காரணமா? சீன வாளுக்கு எந்த எஃகு சரி? ஜப்பானிய வாளான கத்தானாவுக்கு முன் சீன வாள் நிற்காது என்கிறார்களே? நம்முடைய உருக்கில் அடித்திருந்தால் வளைந்திருக்காது அல்லவா?

ர.

அன்புள்ள ர.,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னை நிறுத்தியது போகிற போக்கில் நீங்கள் எழுதிய ‘அவமானம்’ என்ற சொல்தான். இந்தப் போட்டிகளில் தீர்ப்புச் சொல்லும் முறையைப் பற்றிக் கொஞ்ச நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கத்தானாவை முடித்துவிடுகிறேன். எந்த நாட்டு வாள் உயர்ந்தது என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. கத்தானாவும் வளையும். வாயை மட்டும் கடினமாக்கி முதுகை மென்மையாக விட்ட அலகு அது. வெட்டும் கை கோணம் தப்பினால் அதுவும் வளைந்து அப்படியே நிற்கும். இதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வியை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்கள்.

உருக்கைப் பற்றி நீங்கள் கேட்டதில் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு வழிகள். நம்மவர்கள் கரி மிகக் குறைந்த மென்மையான தேனிரும்பை மரக்கரிப் பொருளோடு மண்மூசையில் வைத்து மூடி, உருக்கி, இரும்புக்குள் கரியை ஏற்றினார்கள். சீனர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். அவர்கள் கையில் முதலில் இருந்தது வார்ப்பிரும்பு, அதாவது 4% வரை கரியுள்ள, அடித்தால் நொறுங்கும் இரும்பு. அதை உலையில் இளக்கி, காற்றுப்படக் கிளறிக் கரியை இறக்கி எஃகாக்கும் முறை சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹான் அரசமரபின் காலத்திலேயே அவர்களிடம் இருந்தது. இரண்டுமே பெரிய வித்தைகள். ஒன்றை எடுத்து மற்றொன்றின் தலையில் அடிக்காதீர்கள். தவிர, கரி மிகுந்த உருக்கை மூன்றடுக்கு ஒட்டுவதற்கான சூட்டுக்குக் கொண்டுபோனால் சம்மட்டிக்கு அடியில் உதிர்ந்துபோகும் வாய்ப்பே அதிகம்.

இனி வளைவுக்கு வருவோம். முதலாமவர் என்ன செய்தார் என்பதைப் படிப்படியாகப் பாருங்கள். அவர் போன வழியைத் தெரிந்துகொள்ளாமல் வாளைப் பழிப்பது நியாயமில்லை.

மூன்றடுக்கு என்றால் நடுவில் கடினமான எஃகுப் பட்டை, இருபுறமும் மென்மையான இரும்புப் பட்டை. நடுப்பட்டை 4 மி.மீ., பக்கப் பட்டைகள் ஒவ்வொன்றும் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16. ஒட்ட வேண்டிய முகங்களைச் சாணையில் பளபளவென்று எடுத்து, அடுக்கி, ஓரங்களைப் பற்றவைத்து உலையில் வைக்க வேண்டும். செம்மஞ்சள் நிறம் வரும்போது வெண்காரத்தைத் தூவினால் அது உருகி, ஓரங்களில் சூட்டால் படிந்திருக்கும் இரும்புச் செதிலைக் கரைத்து ஓடும். பிறகு பளீர் மஞ்சள். வெள்ளைப் பொறி பறக்க ஆரம்பித்தால் நடு எஃகு கருகிவிட்டது, அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சரியான சூட்டில் வெளியே எடுத்து, முதல் அடிகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல அடிக்க வேண்டும். அப்போதுதான் உருகிய வெண்காரம் வெளியே பீறிடும். ஓரத்திலிருந்து தொடங்கினால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பின்னால் சாணை பிடிக்கும்போது மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். அந்த இடத்தில் ஒட்டு இல்லை.

இதை அடித்து 7 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்தால் நடு எஃகு எவ்வளவு மிஞ்சும்? சுமார் 1.75 மி.மீ. ஜியானின் இரண்டு வாய்களும் இந்த ஒரே தகட்டின் இரண்டு விளிம்புகளிலிருந்துதான் வர வேண்டும். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் 1 மி.மீ. விலகிச் சாணை பிடித்தாலும் வாய் மென்மையான இரும்பில் போய் விழுந்துவிடும். அடிக்கும்போதே இந்தத் தவறு தொடங்கிவிடுகிறது. பட்டடையில் படும் பக்கம் சீக்கிரம் சூடு இழக்கும், சம்மட்டி படும் பக்கம் அதிகம் நகரும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் புரட்டிப் போடாமல் ஒரே பக்கம் அடித்துக்கொண்டிருந்தால் நடுத்தகடு மெல்ல ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒற்றை வாயுள்ள சீன வாளான தாவோவை அடிப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. வாயைத் தட்டத் தட்ட அந்தப் பக்கம் நீண்டு அலகு முதுகுப்பக்கம் வளையும். அந்த வளைவு அவருக்கு வேண்டியதுதான். ஜியானில் அப்படி நடந்தால் வாள் கெட்டது. நடுமுதுகிலிருந்து இரண்டு வாய்களுக்கும் இறங்கும் நான்கு சரிவுகளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் தோய்ச்சலிலும் இதே கதைதான். கடினமாகும் எஃகு கொஞ்சம் பருக்கும். ஒரு வாய் மற்றதைவிட முன்பே கடினமானால், அலகு அந்தப் பக்கத்துக்கு எதிராக வில்லாகும். அதனால்தான் ஜியானை எண்ணெயில் படுக்கையாக இறக்காமல் நுனியைக் கீழாக்கி நேர் செங்குத்தாக இறக்குகிறார்கள். 75 செ.மீ. அலகு முழுவதும் ஒரே செந்நிறத்தில் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றே தாண்டி, ஏறக்குறைய 800 டிகிரியில். எண்ணெய் 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சூடாக்காத எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும்.

இத்தனையும் தாண்டி ஒரு வாள் மேடைக்கு வந்திருக்கிறது. அது வளைந்ததும் நடுவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள், நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

மூன்றடுக்கு முறையை எதற்குக் கண்டுபிடித்தார்கள்? உடையாமல் இருப்பதற்குத்தான். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வட சீ அரசில் இருந்த சீவூ ஹுவாய்வென் வார்ப்பிரும்பையும் மென்னிரும்பையும் சேர்த்துக் காய்ச்சி எஃகாக்கி வாள் செய்தார் என்று அந்த அரசின் வரலாறு சொல்கிறது. முதுகுக்கு மென்மையான இரும்பு. தோய்ச்சலுக்குப் பலி விலங்குகளின் சிறுநீரும் கொழுப்பும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, ஆனால் உப்புள்ள நீர் வெறும் நீரைவிட வேகமாகவும் கொழுப்பு நிதானமாகவும் குளிரவைக்கும். தொழில் தெரிந்தவரின் தேர்வு அது. அந்த வாள் கவசத் தகடுகள் முப்பதைத் தாண்டி வெட்டியதாம். அந்தக் காலத்துச் சோதனை அது.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து சீன அறிஞர் ஷென் குவோ தன் மெங்ஷி பிதான் நூலில் இன்னும் வெளிப்படையாக எழுதுகிறார். வாய்க்குக் கடின எஃகு, உடலுக்கு மென்மையான இரும்பு, இல்லாவிட்டால் பெரும்பாலும் உடையும். எஃகாகவே செய்த வாளின் வாய் சிதைந்து பல்லாகும், ஆகவே கடின எஃகை மட்டும் வைத்துச் செய்யக் கூடாது. உங்கள் போட்டியில் ஜெயித்த வாளைப் பார்த்து எழுதியது போல இல்லையா? 1637இல் வந்த தியேன்கொங் கைவூ என்ற தொழில்நுட்ப நூலில் சொங் யிங்ஷிங் அடுக்கு மாற்றிச் சொல்கிறார்: மிக நல்ல வாள்களுக்கு வெளியே எஃகு, உள்ளே எலும்பாக எஃகில்லாத இரும்பு. அப்படி இல்லையென்றால் பலமாக வீசும்போது முறிந்துவிடும். அடுக்கு எப்படி மாறினாலும் காரணம் ஒன்றே. இரும்புக்கு முன்பும் இதே எண்ணம் இருந்தது. பழங்காலச் சீனத்தின் வூ, யுவே நாடுகளின் இருநிற வெண்கல வாள்களில் நடுமுதுகை வெள்ளீயம் குறைவாக, 10% அளவில் முதலில் வார்த்து, அதன் இருபுறமும் 20% நெருங்கிய கடின வெண்கலத்தை வாயாக வார்த்திருக்கிறார்கள்.

போர்க்களத்தில் வளைந்த வாளோடு ஒருவன் இன்னும் குத்தலாம், தடுக்கலாம். மாலையில் முளைகளுக்கு நடுவில் கொடுத்து நிமிர்த்தலாம். உடைந்த வாளை வைத்து என்ன செய்வது? மென்மையான உடலைக் கேட்டு வாங்கிவிட்டு, அது மென்மையான உடல் செய்வதைச் செய்ததும் தோற்றாய் என்று சொல்வது என்ன நடுநிலை? போட்டி விதியே மூன்றடுக்கு கேட்டிருக்கிறது. பிறகு ஸ்பிரிங் எஃகு போலத் திரும்பவில்லை என்று மதிப்பெண் குறைப்பதானால் ஒற்றை எஃகில் அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் இருக்கிறது. கடினமான எஃகு குறைவாக வளையும், மென்மையானது எளிதில் வளையும் என்று. இல்லை. ஒரே தடிமன், ஒரே அகலம் என்றால், ஒரே பாரத்துக்குத் தோய்ச்சல் போட்டதும் போடாததும் தொடக்கத்தில் ஒரே அளவுதான் வளையும். எந்தப் புள்ளிக்கு மேல் திரும்பாது என்பதில்தான் வித்தியாசம். மென்மையானது அந்தப் புள்ளியில் மடங்கி நிற்கும். தோய்ச்சலுக்குப் பிறகு இளஞ்சூட்டில் வைத்துக் கடினத்தைக் கொஞ்சம் தணிக்கும் பதம் தவறிய கடினமான வாளோ இன்னும் கொஞ்சம் திரும்பித் திரும்பி வந்து, திடீரென இரண்டாகப் போகும். அதன் துண்டு எங்கே போய் விழும் என்பது யாருக்கும் தெரியாது.

எல்லா வளைவும் மன்னிக்கத்தக்கது என்று நான் சொல்லவில்லை. வளைவின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பிடியைக் கண்ணருகே வைத்து நுனியை நோக்கி, துப்பாக்கியில் குறி பார்ப்பது போலப் பாருங்கள். நீளவாக்கில் இளகிய வில் போல வளைந்திருந்தால் தடிமன் பிடியிலிருந்து நுனிவரை ஒழுங்காகக் குறைந்திருக்கிறது, பாரம் உடல் முழுக்கப் பரவியிருக்கிறது என்று பொருள். ஓரிடத்தில் மட்டும் முழங்கை போல மடங்கியிருந்தால் அது கொல்லரின் குறை. அங்கே அதிகம் சாணை பிடித்து மெலிந்திருக்கும், அல்லது தோய்ச்சல் எடுக்காமல் போயிருக்கும். வெட்டியவர் கை முறுக்கியதாலும் வளைவு வரும். வாள் கட்டைக்குள் பாதி இறங்கி நின்றதும் பக்கவாட்டில் அசைத்து உருவினால் எந்த வாளும் கோணும். அதற்குக் கொல்லர் பொறுப்பில்லை. மேலும் ஜியானை நுனி, நடு, அடி என மூன்றாகப் பிரித்துப் புழங்குவார்கள். வெட்டும் வேலை நுனிப் பகுதிக்கு, தடுப்பது அடிப் பகுதிக்கு. கோடரியைப் போல நடு அலகைக் கட்டையில் இறக்கிவிட்டு வாளைப் பழிப்பது சோதனையாகாது.

சில்லுக்கு வருகிறேன். 3 மி.மீ. சில்லு தெறித்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். முறிந்த முகம் கல்லுப்பு உடைத்தது போல மினுமினுத்தால், தோய்ச்சலுக்கு முன் அதிகச் சூட்டில் அதிக நேரம் கிடந்து எஃகின் மணி, அதாவது அதன் உள்ளே இருக்கும் படிகத் துகள், பெருத்துவிட்டது. சாம்பல் பூசிய பட்டுத்துணி போல மந்தமாக இருந்தால் மணி நல்லது, குறை பதத்தில். தோய்ச்சல் முடிந்த கையோடு இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். சமையல் கத்திக்கு, எஃகின் மேல் வைக்கோல் நிறம் படரும் சூடு போதும். மரத்தில் மோதும் நீள வாளுக்கு அதைத் தாண்டிச் சூடேற்றிக் கடினத்தை இறக்க வேண்டும்.

இதை வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பென்சில் கனத்தில் ஒரு பித்தளைக் கம்பியை வைஸில் படுக்கவைத்து, வாயைச் சாய்த்து அழுத்தி மெல்ல இழுக்க வேண்டும். விளக்குக்கு எதிரே பார்த்தால் கம்பி தொடும் இடத்தில் வாய் மெல்லிதாகப் புடைத்து, கடந்ததும் திரும்பிவிடும். திரும்பாமல் புடைத்தே நின்றால் மென்மை, பொடிப்பொடியாகத் தெறித்தால் கடினம். எந்தப் போட்டியிலும் இதற்கு ஐந்து நிமிடம் போதும். செய்திருந்தால் இரண்டாமவர் மேடைக்கு வருவதற்கு முன்பே தன் வாளை மறுபடி பதத்துக்கு வைத்திருப்பார். அவர் மேலும் எனக்கு வருத்தம்தான். அவருக்கும் நல்ல தீர்ப்பு கிடைக்கவில்லை.

எந்த எஃகு என்று கேட்டிருந்தீர்கள். நடுவுக்கு 0.75 முதல் 0.95% கரியுள்ள சாதாரணக் கரி எஃகு, பக்கங்களுக்கு மைல்டு ஸ்டீல் அல்லது பழைய தேனிரும்பு. லாரி ஸ்பிரிங் பட்டையை நடுவில் வைக்காதீர்கள். அதில் இருக்கும் சிலிக்கான், சில வகைகளில் குரோமியம், ஒட்டைக் கெடுக்கும். ஒற்றை எஃகில் அடிப்பதானால் அதே பட்டை அருமையானது.

கடைசியாக ஒரு கணக்கு, நீங்களே போட்டுப் பாருங்கள். முதலாமவரின் வாளை நிமிர்த்த மூன்று மரமுளைகளும் நிதானமான இரண்டு கைகளும் போதும், வளைவுக்குக் கொஞ்சம் அதிகமாக எதிர்ப்பக்கம் அழுத்தி விட்டால் நேராகிவிடும். இரண்டாமவரின் வாளில் 3 மி.மீ. சில்லை எடுக்க அந்த வாயை நீளம் முழுக்க 3 மி.மீ. சாணையில் இறக்க வேண்டும். நடுமுதுகு நடுவிலேயே இருக்க வேண்டுமானால் குறையில்லாத மறுவாயிலும் 3. பிறகு நான்கு சரிவுகளையும் மறுபடி முதுகுவரை எடுக்க வேண்டும், அதுவும் அந்த 1.75 மி.மீ. தகட்டை விட்டு விலகாமல். அலகின் அகலம் 32 மி.மீ. என்றால் 26தான் மிஞ்சும்.