பிரெக்ஸிட் இழுபறி: வீட்டுக்குச் சேர்த்த பவுண்டை இப்போதே ரூபாயாக மாற்றலாமா?

கேள்வி (ஏப்ரல் 2019): நானும் கணவரும் லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். அடுத்த ஆண்டு இங்கே வீடு வாங்குவதற்காக 40,000 பவுண்ட் சேர்த்திருக்கிறோம். கும்பகோணத்தில் மாமனார் பெயரில் கட்டும் வீட்டுக்காகப் பொங்கலுக்குள் தனியே 8,000 பவுண்ட் அனுப்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் எப்படி முடியும் என்று தெரியாததால், பவுண்ட் சரிவதற்குள் எல்லாவற்றையும் ரூபாயாக்கி, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ வங்கி வைப்பில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

பதில்: உங்கள் கணவரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2016 ஜூன் 23 பொது வாக்கெடுப்பு முடிந்த இரவில் 1.50 டாலரைத் தொட்ட பவுண்ட், விடிவதற்குள் 1.33 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் வீட்டுக்கான 40,000 பவுண்டைத் தொடவே வேண்டாம் என்பேன். நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் விலையும், அதற்கான கடனும், உங்கள் சம்பளமும் பவுண்டில்தான் இருக்கின்றன. முன்பணத்தை மட்டும் ரூபாயாக்கினால், இன்று இல்லாத ஓர் ஆபத்தை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். ரூபாயும் அசையாமல் நிற்பதில்லை. சென்ற அக்டோபரில் டாலருக்கு 74 ரூபாய் வரை சரிந்தது.

நாடாளுமன்றத்தில் நடப்பதை வைத்துப் பவுண்டின் போக்கைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 2019 ஜனவரி 15 ஒன்றே போதும். பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் அன்று 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. பிரிட்டிஷ் அரசு ஒன்று நாடாளுமன்றத்தில் இத்தனை பெரிய தோல்வியைக் கண்டதில்லை. பவுண்ட் சற்றே இறங்கி, அன்றிரவே மீண்டும் ஏறியது. ஒப்பந்தமின்றி வெளியேறும் வாய்ப்பு குறைந்துவிட்டதாகச் சந்தை கருதியது. வாக்கெடுப்பின் முடிவைச் சரியாகக் கணித்தவர்கூட அன்று நாணய மாற்றில் இழந்திருக்கலாம். அதன் பிறகு மார்ச்சில் இருமுறை அதே ஒப்பந்தம் தோற்று, மார்ச் 29 என்றிருந்த வெளியேறும் கெடு ஏப்ரல் 12-க்கும், இப்போது அக்டோபர் 31-க்கும் தள்ளிப்போயிருக்கிறது. வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே எல்லைச் சோதனை வராமல் தடுக்கும் 'பேக்ஸ்டாப்' ஏற்பாட்டில் உடன்பாடு இல்லாதவரை, எந்தத் தரப்புக்கும் பெரும்பான்மை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கும்பகோணத்துக்கான 8,000 பவுண்ட் ரூபாயில் செலவாகும் பணம். அதை ஒரே நாளில் அனுப்பாமல், இந்த மாதம் தொடங்கி டிசம்பர் வரை மாதந்தோறும் ஒரு பகுதியாக அனுப்புங்கள். அனுப்பும் நிறுவனம் 'கட்டணம் இல்லை' என்றாலும், அது தரும் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். பவுண்டுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலே மொத்தத்தில் 8,000 ரூபாய் போய்விடும். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்றாலும், பிரிட்டனில் வசிப்பவர் என்பதால் அதைப் பொதுவாக இங்கே கணக்கில் காட்ட வேண்டியிருக்கும்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் இருவரும் 40 வயதுக்குட்பட்டவர்களாகவும் இதுவரை எங்குமே சொந்த வீடு இல்லாதவர்களாகவும் இருந்தால், முதல் வீடு வாங்குவோருக்கு அரசு உதவித்தொகை தரும் சேமிப்புக் கணக்கான லைஃப்டைம் ஐசாவை ஆளுக்கொன்றாக இந்த மாதமே தொடங்குங்கள். ஆண்டுக்கு 4,000 பவுண்ட் வரை போட்டால் அரசு 25 சதவீதம் சேர்த்துத் தரும்; 12 மாதம் கழித்து, 4,50,000 பவுண்டுக்கு மேற்படாத வீட்டை வாங்க அதைப் பயன்படுத்தலாம். இந்தியாவில் உங்கள் பெயரில் வீடு இருந்தாலும் தகுதி போய்விடும் என்பதால், கும்பகோணம் வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கும் பேச்சு எழுந்தால் தயவுசெய்து தள்ளிவையுங்கள்.