நிலக்கரி தோண்டிய நிலம் மறுபடி மேய்ச்சல் வெளியாகுமா? கேள்வி பதில்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பவுடர் ரிவர் படுகையின் திறந்தவெளிச் சுரங்கங்களில் மண், விதை வேலை பார்த்தவன் நான். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கரி தீர்ந்ததும் கம்பெனி கிளம்பிப் போய்விடாதா?

1977க்கு முன் பல இடங்களில் அதுதான் நடந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 3ஆம் தேதி அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சுரங்க நிலச் சட்டம் வந்தபின், பிணைத்தொகை கட்டாமல் தோண்ட முடியாது. குழியை மூடி, சரிவைப் பழைய வாகுக்குக் கொண்டுவந்தால் 60 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். மீதிக்குச் செடி நிலைக்க வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள பகுதியில், கடைசியாக விதைத்த நாளிலிருந்து 10 வருஷம் பொறுப்பு கம்பெனியுடையது. நடுவில் மறுபடி விதைத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: ஐயா, அவ்வளவு நிலத்தில் ஏன் மரம் நடுவதில்லை?

அது காடாக இருந்த இடமல்ல. புல்லும் சேஜ்பிரஷ் புதரும் கலந்த வறண்ட வெளி. மரம் ஓடைக்கரையில்தான் நிற்கும். அங்கே வாழும் சேஜ் குரௌஸ் என்ற பறவை உயரமான எதையும் கண்டால் விலகிப் போகும், கழுகு உட்கார இடம் அது என்பதால்.

கேள்வி: மறுசீரமைப்பில் முதல் வேலை எது?

மேல்மண். நிலத்தின் தலைவிதி குழி மூடும் நாளில் எழுதப்படுவதில்லை, தோண்டத் தொடங்கும் நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்து, முடிந்தால் அன்றைக்கே சமன் செய்து தயாராக இருக்கும் வேறொரு துண்டில் பரப்பிவிட வேண்டும். அந்த மண்ணில் உள்ளூர்ப் புல்லின் விதையும் வேர்த்துண்டும் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையும் உயிரோடு இருக்கின்றன.

குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தேன். ஒரு சுரங்கத்தில் பல வருஷமாகக் கிடந்த குவியலை வெட்டினார்கள். மேலே ஒரு முழம் வரை வேரோடிய பழுப்பு மண். அதற்குக் கீழே இருந்ததை அள்ளி முகர்ந்தேன், புளித்த வாடை. காற்றுப் புகாமல் செத்த மண் அது. அதைப் பரப்பிய இடத்தில் களைதான் முந்தி வந்தது. தயவுசெய்து மேல்மண்ணை மலையாகக் குவித்து வருஷக்கணக்கில் போடாதீர்கள்.

மேல்மண்ணுக்கு அடியில் போகும் குழிமண்ணையும் சோதிக்க வேண்டும். சோடியம் மிகுந்த மண் வேருக்கு எட்டும் ஆழத்தில் வந்துவிட்டால் மேலே எதைப் போட்டும் பயனில்லை.

கேள்வி: கிரெஸ்டட் வீட்கிராஸ் சீக்கிரம் பிடிக்கும், மாடும் தின்னும். அதையே விதைத்தால் என்ன?

வேண்டாம். ஆசியாவிலிருந்து வந்த புல் அது. 1930களின் வறட்சியில் கைவிடப்பட்ட வயல்களில் மண் பறக்காமல் பிடிக்க அதை விதைத்தார்கள், அந்த வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் ஒருமுறை வேரூன்றினால் மற்ற செடிக்கு இடம் விடாது. சட்டமும் உள்ளூர்ச் செடிகளையே முதலில் கேட்கிறது.

கேள்வி: பச்சையாக இருந்தால் போதாதா? மாடு வளர்ப்பவருக்கு உங்கள் புதர் எதற்கு? (இதையே நால்வர் கேட்டுவிட்டார்கள்.)

போதாது. பனி மூடிய மாதங்களில் புல் அடியில் போய்விடும், சேஜ்பிரஷ் மட்டும் வெளியே நிற்கும். குளிர்காலத்தில் சேஜ் குரௌஸ் தின்பது ஏறக்குறைய அதன் இலையை மட்டுமே. ப்ராங்ஹார்ன் மானுக்கும் அதுதான் ஆகாரம். புதர் இல்லாத பச்சை, கோடையில் மட்டும் கடை திறந்த ஊர் மாதிரி.

மாட்டுக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் வயோமிங் விதி முழு நிலத்துக்கும் புதர் கேட்கவில்லை. 20 சதவீத நிலத்தில் சதுர மீட்டருக்கு ஒரு புதர், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்கே என்ன பாடு தெரியுமா? விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில். ஆழத்தில் புதைத்தால் முளைக்காது. பனிக்காலத்தில் மண்மேல் தூவ வேண்டும். பிறகு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, மண்டியிட்டு எண்ணுவோம். நகக்கண் அளவு சாம்பல்நிற நாற்று ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்கும். பக்கத்தில் ஆக்கிரமிக்கும் புல்லை அடர்த்தியாக விதைத்திருந்தால் அந்த நாற்று ஒரு கோடையைத் தாண்டாது.

கேள்வி: உரம் போட்டால் சீக்கிரம் வளருமே?

தழைச்சத்து உரம் முதலில் சீட்கிராஸ் களையைத்தான் வளர்க்கும். அது கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து தீக்கு விறகாகும். எரிந்த சேஜ்பிரஷ் அடியிலிருந்து துளிர்க்காது. உரம் வேண்டாம், மேல்மண்ணை உயிரோடு வையுங்கள்.

கேள்வி: மரம் நட்டால் நிழல் கிடைக்குமே?

மேலே இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: வேலி போடலாமா?

போடலாம். கீழ்க்கம்பி மட்டும் முள்ளில்லாமல், தரையிலிருந்து 16 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ப்ராங்ஹார்ன் வேலியைத் தாண்டுவது அபூர்வம், குனிந்து அடியில் நுழையும். தாழ்ந்த முள்கம்பியில் முதுகு ரோமம் கொத்துக்கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்தால் உள்ளே ஒரு சாய்வுப் பலகையும் வையுங்கள், விழுந்த பறவை ஏறி வரும்.

கேள்வி: கிழக்கே அப்பலாச்சியா மலைப் பக்கம் சுரங்கத்து நீர் அமிலமாக வருகிறதே?

அங்கே பாறையில் உள்ள பைரைட் என்ற கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. அதற்கு மேல் நீர் வேதியியல் படித்தவரிடம் கேளுங்கள், என் துறை மண்ணும் செடியும்.

கேள்வி: மாட்டை எப்போது விடலாம்?

தேதி பார்த்து விடாதீர்கள். புல்லைக் கையால் பிடித்து இழுங்கள். வேரோடு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், இலை மட்டும் அறுந்து வந்தால் கொஞ்ச மாட்டைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம். இளம் புதர் இருக்கும் துண்டை மட்டும் தனியாக அடைத்து வையுங்கள்.

கேள்வி: மேல்மண்ணைக் குவித்து வைத்து, மேலே புல் விதைத்துவிட்டால் சரிதானே?

மேல்தோல் பிழைக்கும், மழைக்குக் கரையாது. உள்ளே இருப்பது பிழைக்காது. வேறு வழியே இல்லையென்றால் குவியலை உயரமில்லாமல் அகலமாகப் போடுங்கள்.