வெள்ளைச் சுண்டெலிக் கூண்டைச் சுற்றும் காட்டு எலிகள்: கேள்வி பதில்

முண்டகன் எனும் இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்தால் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வயலில் தீனி தீர்ந்துபோகும். எலிகள் வீட்டைப் பார்த்து வரும். வெள்ளைச் சுண்டெலி வளர்க்கும் நம் ஆட்கள் இந்த முறை கேட்டதெல்லாம் அதைப் பற்றித்தான்.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, எங்களுடையது ஓட்டு வீடு. கூண்டுக்குக் கோழி வலை அடித்திருக்கிறேன். ராத்திரி வெளி எலி வந்து தீனியை இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே வராதுதானே?

தாராளமாக வரும். சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், பென்சில் நுழைகிற ஓட்டை என்றால் தலையை விட்டுப் பார்த்து உடம்பையும் நுழைத்துவிடும். கோழி வலையைக் கழற்றிவிட்டு 6 மி.மீ.க்கும் குறைந்த ஓட்டையுள்ள இரும்பு வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடியுங்கள். அடியிலும் மேலேயும் விடக்கூடாது. ஓட்டு வீட்டில் எலி தரையில் வருவதைவிட உத்திரத்திலிருந்து இறங்குவதுதான் அதிகம், அதனால் உத்திரத்துக்கு நேர் கீழே ஸ்டாண்டை வைக்காதீர்கள். சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். ஸ்டாண்டு கால்களில் வழவழப்பான தகரத்தைச் சுற்றிவிட்டால் நகம் பிடிக்காது. தென்னை மரத்தில் தகரம் அடிக்கிறோமே, அதே கணக்குதான். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது எறும்புக்கு. எலி நீந்தும்.

வேலந்தாவளம்: வருவது எலியா மூஞ்சூறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புழுக்கையைப் பாருங்கள். சுண்டெலியுடையது அரிசி மணியைவிடச் சிறியது, நுனி கூர்மையாக இருக்கும். வீட்டு எலியுடையது ஒரு சென்டிமீட்டருக்கு மேல். சந்தேகமாக இருந்தால் படுக்கப் போகும்போது சுவரோரம் கோதுமை மாவை மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் கால் தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும்; எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும், அதுதான் முக்கியம். சுவரை ஒட்டிக் கீச்சிட்டுக்கொண்டு ஓடி, ஒரு வாடையை விட்டுப் போனால் மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, கரப்பான் தின்னும் பிராணி. ஆனால் கூண்டுக்குள் புகுந்தால் கண் திறக்காத குட்டிகளை விடாது.

கோபாலபுரம்: எலி மருந்து கேக் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம், தம்பி. வெளி எலி அதைக் கவ்விக்கொண்டு போய்க் கண்ட இடத்தில் போடும். கூண்டின் வலையோரம் ஒரு துணுக்கு விழுந்தாலும் உங்கள் எலி தின்னும். அதன் எடையே 20, 30 கிராம்தான். புரோமடியோலோன் என்ற விஷம் கலந்த கேக் ரத்தம் உறையவிடாமல் செய்து சில நாள் கழித்துக் கொல்லும். அப்படித் தின்றுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் போய் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், வைட்டமின் கே1 கொடுப்பார்கள். பசை அட்டையும் வேண்டாம், உயிரோடு துடித்துக் கிடப்பதைப் பார்க்க முடியாது. மரக் கூண்டுப் பொறியில் சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துச் சுவரோரமாக வையுங்கள்.

சித்தூர்: பிளக்கில் செருகும் ஒலிக்கருவி? இல்லையென்றால் பூனை?

அந்த ஒலி நமக்குத்தான் கேட்காது, உங்கள் எலிகளுக்கு நன்றாகவே கேட்கும். குட்டி தாயைக் கூப்பிடுவதே மனிதக் காதுக்கு எட்டாத குரலில்தான். காசைப் போட்டு உங்கள் எலிகளை மிரட்டுவானேன்? பூனை கதையும் அப்படியே. கூண்டைச் சுற்றிவந்தால் மிரண்ட தாய் குட்டிகளையே தின்றுவிடலாம். அந்துருண்டைப் புகையும் கூண்டுக்கு ஆகாது.

நல்லேப்பிள்ளி: உள்ளே வராமல் மேலே மட்டும் ஓடினால் என்ன கெட்டுவிடும்?

மூத்திரம் சொட்டும், அக்கா. அதுதான் பயப்பட வேண்டியது. சுண்டெலிகளுக்குள் பரவும் வைரஸ்கள், குடல் கீரிப்பூச்சி, உண்ணிப்பேன் எல்லாம் வெளி எலியிடமிருந்து ஒட்டும். ஒன்றுக்கு வந்தால் கூண்டு முழுக்க வந்த மாதிரிதான். அப்புறம் நமக்கு எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த ஈரம், தோலில் இருக்கும் கீறல் வழியாக ஏறும். மழைக்காலத்தில் கேரளத்தில் இது புதிதில்லை. புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசி மூக்கில் போகும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கையுறையோடு துடையுங்கள். பின்னால் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி வளர்ப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: கூண்டில் பரப்ப மில்லிலிருந்து உமி வாங்குகிறேன். சரியா?

மில் மூட்டையில் எலி ஓடாத இரவு உண்டா? கிழித்த வெள்ளைக் காகிதம் போதும். உமிதான் வேண்டும் என்றால் ஃப்ரீசரில் இரண்டு நாள் வையுங்கள். பேன் சாகும், ஆனால் வைரஸ் சாகாது. தீனியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். சிந்தியதை இரவே கூட்டுங்கள். வெளி எலி வருவதே அதற்காகத்தான்.

மீனாட்சிபுரம்: வெளி ஆண் ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. என் பெண் எலி சினையாகுமா?

வந்தது வீட்டுச் சுண்டெலி என்றால் ஆகலாம், இரண்டும் ஒரே இனம். 19 முதல் 21 நாளில் ஈனும். ஏற்கெனவே உங்கள் ஆணோடு சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தால், அந்தக் கரு நிற்காமலும் போகலாம். அன்னிய ஆண் பக்கத்தில் இருந்தாலே அப்படி நடக்கும் என்று 1959-இல் ஹில்டா புரூஸ் என்ற ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார். அந்த ஆணை வெளியே விட்டுவிட்டு, அது புகுந்த கூண்டில் இருந்தவற்றை வேறு அறைக்கு மாற்றி ஒரு மாதமாவது தனியாக வையுங்கள். மற்றவற்றுக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, இவற்றைக் கடைசியாகத் தொடுங்கள். வெளி ஆணுக்குப் பிறக்கும் குட்டிகள் துள்ளிக் குதித்து ஓடும், கைக்கு அடங்காது. அவற்றை மற்ற கூண்டுகளில் சேர்க்க வேண்டாம்.